சின்ன மெதடிஸ்த கோயிலில் சேர்ந்து உழைக்க வருபவர்கள் கேட்கும் கேள்விகள்

மட்டக்களப்பு மாவட்டத்தில் வாவிக்கரையோரம் இருக்கும் ஒரு சின்ன மெதடிஸ்த கோயில் எங்களுடையது. ஞாயிற்றுக்கிழமை நாற்பது பேர் வந்தால் 'இண்டைக்கு நல்ல சனம்' என்போம். பதினொரு வருடம் அங்கே தனாதிகாரியாக, அதாவது காசும் கணக்கும் பார்ப்பவனாக இருந்தேன். கல்யாணம் முடித்து வந்தவர்கள், இடமாற்றத்தில் வந்த ஆசிரியர்கள், வெளிநாட்டிலிருந்து திரும்பியவர்கள் என்று பலர் கேட்ட கேள்விகளைத்தான் இங்கே எழுதுகிறேன். பதில்கள் எங்கள் ஊர் வழக்கப்படி. வேறு சேகரங்களில் (ஒரு போதகரின் கீழ் இருக்கும் கோயில்களின் கூட்டம்தான் சேகரம்) சிலது மாறும்.

மெதடிஸ்த சபை என்றால் எது? கத்தோலிக்கமும் இல்லை, பெந்தெகொஸ்தேயும் இல்லை என்கிறீர்களே?

18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் ஜோன் வெஸ்லி என்ற அங்கிலிக்கன் குருவானவர் தொடங்கிய இயக்கம் இது. ஒக்ஸ்போர்ட்டில் அவரும் கூட்டாளிகளும் நேரம் குறித்து ஜெபித்தார்கள், உபவாசம் இருந்தார்கள், சிறைச்சாலைக்குப் போய்க் கைதிகளைப் பார்த்தார்கள். எல்லாவற்றுக்கும் ஒரு முறை வைத்திருந்ததால் மற்ற மாணவர்கள் 'முறைக்காரர்', ஆங்கிலத்தில் 'மெதடிஸ்ட்', என்று நக்கலடித்தார்கள். அந்தப் பட்டப்பெயர்தான் நிலைத்தது. வெஸ்லி 1791இல் இறக்கும்வரை தன்னை அங்கிலிக்கன் என்றே சொன்னார்.

இலங்கைக்கு இது வந்தது 1814இல். மிஷனரி இளைஞர்களைக் கூட்டிக்கொண்டு வந்த தோமஸ் கோக் வழியிலேயே கப்பலில் இறந்துபோனார். தலைவரைக் கடலில் அடக்கம் பண்ணிவிட்டு, மொழி தெரியாத ஊரில் வந்து இறங்கிய இளைஞர்கள் தங்களுக்குள் இடங்களைப் பிரித்துக்கொண்டார்கள். லிஞ்சும் ஸ்குவான்சும் யாழ்ப்பாணத்துக்கு, வில்லியம் ஓல்ட் தனியாக மட்டக்களப்புக்கு. ஓல்டின் மனைவியும் அதே பயணத்தில் கப்பலில் இறந்திருந்தார். ஓல்ட் இங்கே இருந்தது ஒரு வருடம்கூட இல்லை, 1815இல் காலமானார். அதற்குள் தொடங்கிய பள்ளிக்கூடம்தான் இன்றைய மெதடிஸ்த மத்திய கல்லூரி.

தமிழ்நாட்டிலிருந்து வருபவர்கள் குழம்புவார்கள். அங்கே இங்கிலாந்து வழி வந்த வெஸ்லியன் மிஷன் சபைகள் 1947இல் தென்னிந்தியத் திருச்சபையோடு கலந்துவிட்டன. சென்னையில் மெதடிஸ்ட் என்ற பெயரிலேயே இருப்பவை அமெரிக்க மிஷன் வழி வந்தவை. இங்கேயும் ஓர் இணைப்பு 1970களின் தொடக்கத்தில் கைகூடும் தறுவாயில் வழக்கு மன்றம் வரை போய் நின்றுவிட்டது. 1964 முதல் இலங்கை மெதடிஸ்த திருச்சபை சுயாதீனமான சபை.

முதல் தடவை வருகிறேன். எங்கே இருப்பது?

எங்கேயும் இருக்கலாம். ஆனால் ஒன்று சொல்லிவைக்கிறேன்: வலதுபக்கம் இரண்டாவது வாங்கில் யன்னலோரம் ஒரு மாமி நாற்பது வருடமாக இருக்கிறா. யாரும் எழுப்ப மாட்டார்கள், ஆனால் ஆராதனை முழுக்க எல்லாருடைய கண்ணும் உங்கள் முதுகில்தான் இருக்கும். வாசலில் தயங்கி நின்றால் அந்த மாமியே திரும்பி, "என்ன மனே, அங்கயே நிக்கிறாய்? உள்ள வா, இதில இரு" என்று பக்கத்தில் கூப்பிடுவா. கூப்பிட்டால் போய் இருங்கள். பாட்டுப் புத்தகம் இல்லாவிட்டால் தன்னுடையதைப் பாதி நீட்டுவா, அவவுக்கு எல்லாம் மனப்பாடம்.

வாசலில் ஒருவர் பையைப் பார்க்கக் கேட்டால் கோபிக்க வேண்டாம். 2019 உயிர்த்த ஞாயிறன்று மட்டக்களப்பு நகரத்தில் சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்தது. அது வேறு சபை. ஆனாலும் செத்தவர்களைத் தெரியாத வீடு எங்கள் பக்கம் குறைவு. அதற்குப் பிறகு வாசலில் நிற்பதும் ஒரு ஊழியமாகிவிட்டது.

அப்பமும் இரசமும் பகிரும் திருவிருந்தில் நானும் பங்குபெறலாமா?

ஆண்டவரில் அன்பாயிருக்கிற யாரும் வரலாம் என்பதுதான் மெதடிஸ்த வழக்கம். வேறு சபை அங்கத்தவர் என்றாலும் தடையில்லை. சந்தேகம் இருந்தால் முதல்நாளே போதகர் ஐயாவிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். முழங்காலில் நின்ற பிறகு யோசிப்பதைவிட அது நல்லது.

எங்கள் போதகர் எல்லா ஞாயிறும் வருவதில்லையே, ஏன்?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான், அதிகம் மனத்தாங்கல் வருவதும் இதில்தான்.

போதகர் ஒரு கோயிலுக்கு மட்டும் சொந்தமானவர் அல்ல, ஒரு சேகரத்துக்கு உரியவர். சேகரத்தில் மூன்று கோயில் இருக்கலாம், ஆறும் இருக்கலாம். யார் எந்த ஞாயிறு எங்கே ஆராதனை நடத்துவது என்று மூன்று மாதத்துக்கு ஒருமுறை அட்டவணை வரும். அதை யாரும் அட்டவணை என்று சொல்வதில்லை, 'பிளான்' என்றுதான் சொல்வார்கள். எங்கள் கோயிலில் அது பின்சுவரில் குத்தியிருக்கும். போதகரின் பெயர் மாதத்தில் ஒன்றோ இரண்டோ தரம்தான் வரும், திருவிருந்து பெரும்பாலும் அந்த ஞாயிறுதான். மற்ற நாள்களில் உள்ளூர்ப் பிரசங்கியார் யாராவது வருவார். ஆசிரியர், கிராம சேவகர், ஓய்வுபெற்ற தபாலதிபர் என்று எல்லாரும் நம்மைப் போன்றவர்கள்தான்.

இது ஆள் பற்றாக்குறையால் வந்த ஏற்பாடு என்று பலர் நினைக்கிறார்கள். தொடக்கமே இப்படித்தான். வெஸ்லியும் அவருடைய போதகர்களும் குதிரையில் ஊர் ஊராகச் சுற்றிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் போன பிறகு அந்த ஊர்ச் சபையை நடத்தியது அந்த ஊர் ஆள்கள்தான். 1760களிலேயே சேரா கிராஸ்பி என்ற பெண் வெஸ்லியின் சம்மதத்தோடு கூட்டங்களில் பேசினார். ஆகவே 'இண்டைக்கு ஐயா இல்லையாம்' என்று வாசலில் கேட்டுவிட்டுத் திரும்பிப் போகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் எரிச்சல் வரும்.

இன்னொன்று. போதகர்களை இடம் மாற்றுவது மகாநாடு, அதாவது திருச்சபையின் உயர் பேரவை. சில வருடங்களுக்கு ஒருமுறை மாறித்தான் ஆகவேண்டும். நமக்குப் பிடித்தவரும் போவார், பிடிக்காதவரும் போவார்.

நானும் பிரசங்கம் பண்ண முடியுமா?

முடியும், ஆனால் உடனே அல்ல. முதலில் வேதபாடம் வாசியுங்கள். அப்புறம் ஆராதனையில் ஜெபம், பிறகு ஒரு பிரசங்கியாரோடு கூடப் போய்ப் பாதி ஆராதனையை நடத்துவது. அதற்கு மேல் படிப்பும் பரீட்சையும் உண்டு. பரீட்சார்த்தப் பிரசங்கம் என்று ஒன்று வைப்பார்கள், மற்றப் பிரசங்கிமார் பின்வாங்கில் இருந்து குறிப்பெடுப்பார்கள். நல்ல பேச்சாளர்களுக்கே அன்று நா வறண்டுபோவதைப் பார்த்திருக்கிறேன்.

வேதபாடம் வாசிப்பதைச் சின்ன வேலை என்று நினைக்காதீர்கள். சனிக்கிழமை இரவே வீட்டில் சத்தமாக ஒருமுறை வாசித்துப் பாருங்கள். நெபுகாத்நேச்சார் என்ற ராஜாவின் பெயரில் தடுக்கி விழாத ஆளை இன்னும் நான் காணவில்லை.

'வகுப்பு', 'வகுப்புத் தலைவர்' என்கிறார்கள். பள்ளிக்கூடமா?

இல்லை. இதன் கதை எனக்குப் பிடிக்கும். கணக்குக்காரன் இல்லையா, அதனாலோ என்னவோ.

1742இல் பிரிஸ்டல் நகரத்தில் மெதடிஸ்தர்கள் கட்டிய கூடத்துக்குக் கடன் இருந்தது. எப்படி அடைப்பது என்று கூடிப் பேசியபோது, ஃபோய் (Foy) என்ற பெயருடைய ஒரு கப்பல் கப்டன் எழும்பிச் சொன்னார்: ஆளுக்கு வாரம் ஒரு பென்னி போடுவோம். வறியவர்களால் முடியாதே என்று ஒருவர் மறித்தார். என்னிடம் பதினொரு பேரைத் தாருங்கள், வீடு வீடாகப் போய் வாங்குகிறேன், கொடுக்க முடியாதவருக்கு நானே போடுகிறேன் என்றார் கப்டன். அப்படியே பன்னிரண்டு பன்னிரண்டு பேராகப் பிரித்தார்கள்.

காசு வாங்கப் போனவர்கள் வீட்டுக்குள் என்னென்ன நடக்கிறது என்று கண்டுகொண்டார்கள். ஒருவன் குடிக்கிறான், ஒருத்தி மூன்று நாளாகக் காய்ச்சலில் கிடக்கிறாள். வெஸ்லிக்கு விஷயம் விளங்கியது. கடன் அடைப்பதற்கு வைத்த ஏற்பாடு ஒருவரையொருவர் விசாரிக்கும் ஏற்பாடாக மாறியது. அதுதான் வகுப்பு.

இன்று எங்களிடம் வாரக் கூட்டம் இல்லை. கோயில் குடும்பங்களை ஊர்ப்பக்கம் பார்த்து நாலாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒருவர் பொறுப்பு. இரண்டு ஞாயிறு ஒருவரைக் காணாவிட்டால் மூன்றாவது வாரம் வகுப்புத் தலைவர் வீட்டுக்குப் போகவேண்டும் என்பது ஏற்பாடு. இப்போது பலர் போன் எடுத்துக் கேட்பதோடு முடித்துக்கொள்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. போனில் எல்லாரும் 'சுகமாத்தான் இருக்கிறம்' என்பார்கள். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய் இருந்தால்தான் அடுப்பு எரிகிறதா என்று தெரியும்.

பாடவும் வராது, பேசவும் வராது. எனக்கு என்ன வேலை இருக்கிறது?

உங்களைத்தான் தேடிக்கொண்டிருக்கிறோம். பாடுகிறவர்கள் போதும்.

சனிக்கிழமை பின்னேரம் நாலு மணிக்கு வாருங்கள். எங்கள் கூரையில் வௌவால் குடியிருக்கிறது. 1978 சூறாவளி மட்டக்களப்பைப் புரட்டிப் போட்டபோது எங்கள் ஓடுகளும் பறந்தன. திரும்பப் போட்ட கூரையில் முகட்டோரம் ஒரு கையளவு இடைவெளி விட்டுவிட்டார்கள். அதற்குள்தான் குடும்பம் நடக்கிறது. ஆகவே வாரம் ஒருமுறை வாங்குகளைத் துடைக்கவேண்டும், நிலத்தைக் கழுவவேண்டும். ஈரத்துணியால் முதலில் துடைத்தால் கறை பரவும். காய்ந்த ஈர்க்குக்கட்டால் கூட்டிவிட்டுப் பிறகுதான் தண்ணீர். இதை எனக்குச் சொல்லித்தந்தவர் எங்கள் பழைய காவலாளி.

அப்புறம் பூ. யாருடைய வீட்டில் எது பூத்திருக்கிறதோ அது. திருவிருந்துக்குரிய சின்னக் கிண்ணங்களைக் கழுவுவது. கீபோர்ட்டுக்கு வயர் இழுப்பது. மின்சாரம் நின்றால் என்ன செய்வது என்று தெரிந்திருப்பது. ஆராதனை முடிந்ததும் பிளேன்ரீ (பால் இல்லாத தேநீர்) ஊற்றுவது. கதை முழுக்க அங்கேதான் நடக்கும், யாருக்கு யார் என்ன முறை என்று மூன்று வாரத்தில் தெரிந்துவிடும். வயதானவர்களை முச்சக்கரவண்டியில் கூட்டிவந்து திரும்பக் கொண்டுபோய் விடுவது. இந்தக் கடைசி வேலைக்கு எப்போதும் ஆள் தட்டுப்பாடு.

பிள்ளைகளோடு பழக்கம் இருந்தால் ஓய்வுநாட் பாடசாலை. எங்களுடையதில் ஒன்பது பிள்ளைகள், மூன்று வயதிலிருந்து பதினான்கு வரை ஒரே அறையில். யோனாவின் கதையைச் சின்னவனுக்கும் பெரியவளுக்கும் ஒரே நேரத்தில் சொல்லி முடிக்கிறவர் பாராளுமன்றத்துக்கே போகலாம்.

காணிக்கைக் கணக்கில் உதவ முடியுமா? பணம் எங்கே போகிறது?

தாராளமாக உதவலாம். ஒரே நிபந்தனை, தனியாக எண்ணக்கூடாது. இரண்டு பேர் இருந்து எண்ணி, எத்தனை நூறு, எத்தனை ஐம்பது, எத்தனை இருபது என்று பிரித்து எழுதி, இருவரும் கையெழுத்து வைக்கவேண்டும்.

இதை நான் பட்டுத்தான் படித்தேன். ஒரு ஐப்பசி ஞாயிறு, அடைமழை. மற்றவர் மழைக்குப் பயந்து முந்திப் போய்விட்டார். நானும் பையை அப்படியே கட்டி வீட்டுக்குக் கொண்டுபோய் இரவு எண்ணி, அடுத்தநாள் வங்கியில் போட்டேன். ஒரு சதம் குறையவில்லை. ஆனால் அந்த வாரம் நன்றிக் காணிக்கையாகப் பெரிய நோட்டொன்று போட்ட ஒருவர், 'மொத்தம் இவ்வளவுதானா?' என்று கேட்டார். என்னிடம் சொல்லப் பதில் இருந்தது, காட்டச் சாட்சி இல்லை. இரண்டு மாதம் அவர் எனக்கு முகம் தந்து பேசவில்லை. பிழை அவருடையது அல்ல.

பணம் போகும் வழி: ஒரு பங்கு சேகரத்துக்கு. போதகரின் சம்பளம், பிரயாணச் செலவு எல்லாம் அங்கிருந்துதான். மிச்சத்தில் மின்சாரக் கட்டணம், திருத்தவேலை, வறியவர்களுக்கு உதவி. சேகரப் பங்கை எங்களால் முழுதாகக் கட்ட முடியாத காலாண்டுகளும் உண்டு. அப்போது பெரிய கோயில்கள் தாங்கும். சின்னக் கோயில் உயிரோடு இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். காலாண்டுக் கூட்டத்தில் சிலர் அதைச் சொல்லிக் காட்டுவதும் உண்டு.

அறுவடை விழாவில் ஏலம் போடுகிறார்களே, கோயிலுக்குள் வியாபாரமா?

வியாபாரம் என்று பார்த்தால் நட்டத்தில் நடக்கும் வியாபாரம். வாங்குகிறவருக்குத்தான் நட்டம்.

பெரும்போக வெள்ளாண்மை வெட்டி முடிந்த பிறகு ஒரு ஞாயிறு. நெல், தேங்காய், மரவள்ளி, கச்சான், முருங்கைக்காய், பூசணி, தயிர்ச்சட்டி, காலைக் கட்டிய சேவல் என்று எல்லாவற்றையும் பீடத்தின் முன்னால் படைப்பார்கள். வயல் இல்லாதவர்கள் கடையில் சீனியும் பருப்பும் வாங்கி வைப்பார்கள். ஆராதனை முடிந்ததும் வெளியே மாமரத்தடியில் ஏலம்.

ஒரு வருடம் ஒரு விதவைத் தாய் மூன்று முட்டை கொண்டுவந்து வைத்தா. ஏலம் கூறுகிறவர் வாயாடி. "மூண்டு முட்டை, கோழி இன்னும் கொக்கரிச்சு முடியல்ல" என்று தொடங்கினார். ஒருவர் வாங்கி, "திரும்பப் போடுங்க" என்றார். இன்னொருவர் அதிக விலைக்கு எடுத்து, அவரும் திரும்பப் போட்டார். ஆறேழு கை மாறியது. கடைசியில் ஒரு சாக்கு நெல்லைவிட அந்த முட்டைகள் அதிகம் தந்தன. அந்தத் தாய் சீலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துக்கொண்டே இருந்தா.

புதிதாக வருபவர் ஏலத்தில் கை தூக்கும்போது கவனமாக இருங்கள். போன வருடம் தலை சொறிந்த ஒரு தம்பி வீட்டுக்குச் சேவலோடு போனார்.

நத்தார் காலத்தில் என்னென்ன?

மார்கழி முழுக்க ஓட்டம்தான். வீடு வீடாகக் கரோல், பிள்ளைகளின் ஒளிவிழா, நத்தார் ஆராதனை, 31ஆம் திகதி நள்ளிரவு ஆராதனை. மழைக்காலம் என்பதால் கரோலுக்குக் குடை பிடிக்க ஒருவர், மேளத்துக்குப் பொலித்தீன் சுற்ற ஒருவர் வேண்டும். 26ஆம் திகதி சுனாமியில் போனவர்களை நினைத்து மணி அடிப்போம். 2004இற்குப் பிறகு இந்தக் கரையில் நத்தாரும் துக்கமும் அடுத்தடுத்த நாள்.

இரண்டு குடும்பங்களே எல்லாப் பொறுப்பையும் வைத்திருக்கிறார்கள். நாங்கள் எப்படி உள்ளே போவது?

இதை என்னிடம் மெதுவாகக் காதுக்குள் கேட்பார்கள். சரி, உரக்கவே சொல்கிறேன்: உண்மைதான், நானும் அந்தக் குடும்பங்களில் ஒன்று.

இரண்டு பக்கமும் நியாயம் உண்டு. சண்டைக் காலத்தில் மணியடிக்கக்கூட ஆளில்லாதபோது கோயிலைத் திறந்து வைத்திருந்தது அந்த வீட்டு ஆள்கள்தான். திறப்பு அவர்கள் வீட்டு ஆணியில் தொங்கியே பழகிவிட்டது. பழக்கம் நாளடைவில் உரிமை மாதிரி ஆகிறது. புதிதாக வந்த ஒருவர் ஒலிவாங்கியை இடம் மாற்றி வைத்தாலும் 'யாரைக் கேட்டு?' என்று வருகிறது.

வருடத்தின் முதல் ஞாயிறுகளில் ஒன்றில் உடன்படிக்கை ஆராதனை நடக்கும். வெஸ்லி 1755இல் தொடங்கிவைத்தது. அதில் வரும் ஜெபத்தில், உமக்காக என்னை வேலையில் வைத்தாலும் சரி, உமக்காக ஒதுக்கி வைத்தாலும் சரி என்ற பொருளில் ஒரு வரி உண்டு. முதல் பாதியை எல்லாரும் பலமாகச் சொல்வோம். இரண்டாம் பாதி வரும்போது எங்கள் வாங்குகளில் சத்தம் கொஞ்சம் இறங்கும். ஒரு வருடம் அதைச் சொல்லும்போது எனக்கே தொண்டை அடைத்தது. பதினொரு வருடம் கணக்குப் புத்தகத்தை விட மனமில்லாமல் வைத்திருந்தவன் நான். அடுத்த ஆண்டுக் கூட்டத்தில் கொடுத்தேன். வாங்கிய பிள்ளைக்கு இருபத்தாறு வயது, எல்லாவற்றையும் கணினியில் போட்டுவிட்டாள். என் பழைய கூட்டலில் இரண்டு பிழை கண்டுபிடித்தாள்.

உங்களுக்குச் சொல்வது: பதவியைக் கேட்டு வராதீர்கள், வேலையைக் கேட்டு வாருங்கள். ஆனால் இரண்டு மூன்று வருடம் வேலை செய்தும் கூட்டத்தில் உங்கள் பேச்சை எடுக்கவில்லை என்றால் சேகரத்துக்குப் பொறுப்பான போதகரான முகாமைக்குருவிடம் நேரே போய்ச் சொல்லுங்கள். பிளேன்ரீ மேசையில் சொல்லாதீர்கள்.

என் கணவர் இந்து. அவர் குடும்பத்தோடு வரலாமா?

வரலாம், வருகிறார்கள். எங்கள் ஒளிவிழாவில் பாதிச் சனம் அயலவர்கள்தான். பக்கத்துப் பிள்ளையார் கோயில் திருவிழாவுக்கு எங்கள் கதிரைகள்தான் போகும், செத்தவீட்டுக்கு அவர்களுடைய பந்தல் துணி எங்களுக்கு வரும். அவரை ஞானஸ்நானத்துக்கு இழுக்கிற வேலையை யாரும் தொடங்கினால் எனக்குச் சொல்லுங்கள், நான் அவரைக் கதிரை அடுக்கக் கூப்பிடுகிறேன்.

செத்தவீட்டில் சபை என்ன செய்யும்?

கேட்காமலே செய்யும். மணி அடித்தவுடன் ஆள் போகும். சேமக்காலையில் குழி வெட்டுவிப்பது, பாட்டுத்தாள் அச்சடிப்பது, மூன்று நாள் சாப்பாடு எல்லாம் பங்குபோட்டு நடக்கும். புதியவர் செய்யக்கூடியது: இரவில் போய் இருப்பது. பேசவேண்டியதில்லை.

ஆராதனை எத்தனை மணிக்கு?

பலகையில் எட்டரை என்று இருக்கும். கீபோர்ட் வாசிக்கும் தம்பி வந்தால் தொடங்கும். உதவிக்கு வருகிறவர் என்றால் எட்டு மணிக்கே வாருங்கள். திறப்பு இப்போது தனாதிகாரிப் பிள்ளையிடம். பன்னிரண்டு யன்னல் திறக்கவேண்டும், வாவிப்பக்கம் மூன்றாவது யன்னல் மழைக்கு ஊதிப்போயிருக்கிறது. இழுத்தால் வராது, கீழ்ச்சட்டத்தில் உள்ளங்கையால் இரண்டு தட்டுத் தட்டவேண்டும்.